ஊரடங்கைப் பற்றி இன்னும் ஏன் இந்தச் சண்டை? பாரிசுக்குப் புதிதாகப் போன கடலூர்த் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மஞ்சக்குப்பத்திலிருந்து பாரிசுப் புறநகருக்குப் போய்ச் சில மாதங்களே ஆகியிருக்கும் உங்களுக்கு, உடன் வேலை செய்பவர்கள் மதிய உணவு வேளையில் கொரோனாக் காலத்து ஊரடங்கைப் பற்றி இன்றும் முகம் சிவக்க வாதிடுவது வியப்பாக இருக்கிறது. அரசு நம்மை வீட்டுச்சிறையில் வைத்தது என்கிறார் ஒருவர். அரசு பணம் தராமல் போயிருந்தால் தெருவில் நின்றிருப்போம் என்கிறார் இன்னொருவர். உங்கள் கருத்தையும் கேட்கிறார்கள். பேசலாமா, பேசினால் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கும்போது சிக்கல் வருமா, இவர்கள் அரசை நம்புகிறவர்களா நம்பாதவர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர்காலத்தைக் கழிக்கப் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்திருக்கிறேன், இங்கிருந்தபடியே எழுதுகிறேன்.

அட்டையைப் பற்றிய அச்சத்தை முதலில் விடுங்கள். அரசின் கொள்கையைக் குறைசொல்வது அந்த நாட்டில் குற்றமன்று; சட்டப்படி தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் கருத்துரிமை உண்டு. அட்டையைப் புதுப்பிக்க, பிரெஃபெக்ச்சூர் எனப்படும் மாவட்ட அரசு அலுவலகத்தில் கேட்பது முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு, வரித்தாள் போன்ற ஆவணங்களைத்தான். சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொன்னதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர்கள் அரசை நம்புகிறார்களா என்பதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. நான் பார்த்தவரையில், பிரெஞ்சுக்காரர்கள் அரசின் வாயை நம்புவதில்லை, அதன் காகிதத்தை நம்புகிறார்கள். அமைச்சர் தொலைக்காட்சியில் சொல்வதை நையாண்டி செய்துவிட்டு, அதே அமைச்சகத்தின் படிவத்தை ஒரு கட்டம் விடாமல் நிரப்பி அனுப்பிவைப்பார்கள், பணம் வந்துசேரும் என்ற உறுதியோடு. நம் ஊரில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: தலைவரை நம்புவோம், அலுவலகத்தை நம்ப மாட்டோம். எனவே அவர்கள் திட்டுவதை வைத்து அரசை வெறுக்கிறார்கள் என்று நீங்கள் முடிவுகட்டினால் தவறாகப் புரிந்துகொள்வீர்கள்.

வாயை நம்பாததற்குக் காரணங்கள் உண்டு. 1980களில் நோய்த்தொற்றுள்ள இரத்தம் நோயாளிகளுக்கு ஏற்றப்பட்ட விவகாரத்தில் முன்னாள் பிரதமரையே நீதிமன்றத்தில் நிறுத்திய நாடு அது. 1999இல் அவர் விடுவிக்கப்பட்டாலும், உடல்நலத்தைப் பற்றி அரசு பேசினால் ஒரு காதைத் தீட்டிக்கொண்டே கேட்கும் பழக்கம் போகவில்லை. 2020 மார்ச்சில் நடந்தவை அந்தப் பழக்கத்துக்குத் தீனி போட்டன. மார்ச் 14 நள்ளிரவு முதல் கஃபேக்களையும் உணவகங்களையும் மூடச் சொன்னார்கள். மறுநாளே உள்ளாட்சித் தேர்தலின் முதல் சுற்றுக்கு வாக்குச்சாவடிக்கு வரச் சொன்னார்கள். 16ஆம் தேதி குடியரசுத் தலைவர் மக்ரோன் தொலைக்காட்சியில் தோன்றி நாம் போரில் இருக்கிறோம் என்று மீண்டும் மீண்டும் சொன்னார். 17ஆம் தேதி நண்பகலில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. முகக்கவசம் பொதுமக்களுக்குத் தேவையில்லை என்று அந்த மாதம் சொன்ன அதே அரசு, மே 11 முதல் அது இல்லாமல் மெட்ரோவில் ஏறக்கூடாது என்றது. போதிய கையிருப்பு இல்லாததால்தான் தேவையில்லை என்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. இல்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் மக்கள் பொறுத்திருப்பார்கள் என்பதே என் எண்ணம்.

அந்த நாள்களில் வெளியே கால் வைக்க ஒரு தாள் வேண்டும். அத்தெஸ்தாசியோன் என்ற அந்தத் தாளில் பெயர், பிறந்த தேதி, முகவரி, வெளியே போகும் காரணம், தேதி, புறப்பட்ட நேரம் ஆகியவற்றை எழுதி நாமே கையெழுத்திட வேண்டும். அச்சு இயந்திரம் இல்லாதவர்கள் வெள்ளைத்தாளில் முழுவதையும் கையால் பார்த்தெழுத வேண்டும். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பாட்டி ஒருவர் கோடு போட்ட பள்ளி நோட்டில் வாரத்துக்குத் தேவையான பிரதிகளை முன்கூட்டியே எழுதி, நேரத்துக்குரிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, ரொட்டிப் பையிலேயே வைத்திருப்பார். நடைக்கும் உடற்பயிற்சிக்கும் ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர், அவ்வளவே. தாள் இல்லையென்றால் 135 யூரோ அபராதம். தன்னைத்தானே அனுமதித்துக் கையெழுத்திடும் இந்த ஏற்பாட்டைச் சிரிக்காமல் நினைவுகூரும் பிரெஞ்சுக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

எல்லோருக்கும் அது சிரிப்பாக முடியவில்லை. பாரிசை ஒட்டிய, நம்மவர்கள் நிறைய வாழும் சேன்-சேன்-தெனி மாவட்டத்தில் அந்த வசந்தகாலத்தில் இறப்பு விகிதம் நாட்டிலேயே மிக மோசமாக உயர்ந்த இடங்களுள் ஒன்றாக இருந்தது. காசாளர், துப்புரவாளர், முதியோர் இல்லப் பணியாளர், பேருந்து ஓட்டுநர் என்று வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைகளைச் செய்பவர்கள் அங்கே நெருக்கமான வீடுகளில் வாழ்கிறார்கள். அதே மாவட்டத்தில்தான் அபராதமும் நாட்டின் மற்ற பகுதிகளைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விதிக்கப்பட்டது. தீவிர சிகிச்சையில் கிடப்பவர்கள் தொடக்கத்தில் ஊரடங்கை மதிக்காதவர்கள்தாம் என்று பாரிசின் காவல்துறைத் தலைவர் ஏப்ரலில் பேசிவிட்டு, பிறகு வருத்தம் தெரிவித்தார். உங்கள் மேசையில் சிறைவைத்தார்கள் என்று சொல்பவர் எந்த மாவட்டத்தில் வளர்ந்தவர் என்று கேட்டுப்பாருங்கள்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். நான் சிறிய கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கணக்கெழுதிப் பிழைத்தவன் என்பதால் இதில் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன். என்ன செலவானாலும் பரவாயில்லை என்று மக்ரோன் மார்ச் 12ஆம் தேதி அறிவித்தது வெறும் பேச்சாகப் போகவில்லை. வேலை நின்ற நிறுவனங்களின் ஊழியர்களுக்கு ஷோமாஜ் பார்சியெல் எனப்படும் பகுதி வேலையின்மைத் திட்டத்தில் மொத்தச் சம்பளத்தில் 70 விழுக்காடு, அதாவது கைக்கு வரும் தொகையில் ஏறக்குறைய 84 விழுக்காடு கிடைத்தது. குறைந்தபட்ச ஊதியம் வாங்கியவர்களுக்குக் கைக்கு வந்த தொகை குறையவே இல்லை. 2020 ஏப்ரலில் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் இருந்தார்கள். சிறு வணிகர்களுக்கு ஆதரவு நிதியிலிருந்து மாதம் 1,500 யூரோ வரை தந்தார்கள். இரண்டாம் ஊரடங்கில் அது 10,000 வரை உயர்ந்தது. இணையத்தில் விண்ணப்பித்த சில நாள்களிலேயே பணம் வங்கியில் விழுந்ததை என் கணினியிலேயே பார்த்தேன். யாருக்கும் கும்பிடு போட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கத்தில் நம்மவர் நடத்திய ஓர் உணவகத்தில் வேறு கதை நடந்தது. அங்கே சமையலறையில் நின்ற ஒருவர் காலை பத்து மணியிலிருந்து இரவு மூடும்வரை வேலை செய்தார். சம்பளச் சீட்டில் மட்டும் பாதிநேர ஊழியர் என்று இருந்தது. மீதிப் பணம் உறையில் கைக்கு வந்துகொண்டிருந்தது, வரி பிடிக்காத பணம் என்று அவருக்கும் அதில் மகிழ்ச்சிதான். கடை மூடியதும் அரசு சீட்டில் இருந்த மணிக்கணக்குக்கு மட்டுமே பணம் தந்தது, உறை நின்றுபோனது. வாடகை அறுநூறு யூரோ, வந்தது அதைவிடச் சற்றே அதிகம். அரசு ஏமாற்றிவிட்டது என்று அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏமாற்றியது யார் என்று நான் சொல்லப்போய் எங்கள் நட்பில் விரிசல் விழுந்தது. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பணத்துக்கு விலையும் இருந்தது. நாட்டின் பொருளாதாரம் 2020இல் எட்டு விழுக்காட்டை ஒட்டிச் சுருங்கியது. அரசின் கடன் மொத்த உற்பத்தியில் 98 விழுக்காட்டளவில் இருந்து ஓராண்டுக்குள் 115ஐ ஒட்டிப் போனது. மூடிய கடைகளுக்கு அரசு உத்தரவாதத்துடன் வங்கிகள் தந்த கடனைத் திருப்பிக் கட்டும் நேரம் வந்தபோது மின்கட்டணமும் மாவு விலையும் ஏறியிருந்தன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் திவால் வழக்குகள் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தன, பிறகு ஏறத்தொடங்கி 2024இல் 65,000ஐ எட்டின. பணம் தந்து காப்பாற்றினார்கள் என்பவரும், கடனைத் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள் என்பவரும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களைத்தான் படிக்கிறார்கள்.

உங்கள் மேசையில் குரல் மிகவும் உயர்வது சுகாதாரச் சான்றைப் பற்றிப் பேசும்போதாக இருக்கும். 2021 ஆகஸ்ட் 9 முதல் கஃபேக்குள் உட்காரவும் தொலைதூர ரயிலில் ஏறவும், ஊசி போட்டதையோ தொற்று இல்லை என்ற பரிசோதனை முடிவையோ நோயிலிருந்து மீண்டதையோ காட்டும் அந்தச் சான்று வேண்டியிருந்தது. சனிக்கிழமைதோறும் ஊர்வலங்கள் நடந்தன. மருத்துவமனை ஊழியர்களுக்கு ஊசி கட்டாயமாகி, செப்டம்பர் 15 முதல் மறுத்தவர்கள் சம்பளமின்றி நிறுத்திவைக்கப்பட்டார்கள். 2023 மே மாதத்தில்தான் அவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஊசி போடாதவர்களுக்குக் குடைச்சல் கொடுக்கவே விரும்புவதாக 2022 சனவரியில் குடியரசுத் தலைவரே கொச்சையான ஒரு சொல்லைப் பயன்படுத்திப் பேட்டியளித்தது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. ஊசிக்கு ஆதரவானவன் நான். இருந்தும் நாட்டின் தலைவர் குடிமக்களில் ஒரு பகுதியினரைப் பற்றி அப்படிப் பேசியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கேயும் காகிதம் வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். சான்றில்லாத தற்காலிக ஒப்பந்த ஊழியர்களை ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே நீக்கலாம் என்ற பிரிவை, சட்டங்கள் அரசியல் சாசனத்துக்கு ஏற்றவையா என்று பார்க்கும் அரசியல் சாசனப் பேரவை 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி அடித்துவிட்டது, சான்றின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்ட அதே தீர்ப்பில். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம், வழிபாட்டுக் கூட்டங்களுக்கு விதித்த முழுத்தடை அளவுமீறியது என்று கோன்செய் தெத்தா என்னும் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொன்னது; ஊரடங்கைக் கண்காணிக்கப் பாரிசுக் காவல்துறை டிரோன் பறக்கவிட்டதையும் அதே நாளில் நிறுத்தியது. வாதிடுகிறவர்களுக்கு வழக்கின் முடிவு வரும் என்று தெரியும். அதனால்தான் உரக்க வாதிடுகிறார்கள்.

நம் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நான்கு மணி நேரத்தில் நூற்று முப்பது கோடிப் பேரின் வாழ்க்கையை நிறுத்தினார்கள். கடலூரில் வீடும் புதுச்சேரியில் வேலையுமாக இருந்தவர்களுக்கு முள்ளோடைச் சோதனைச்சாவடி ஒரே நாளில் நாட்டு எல்லையாகிப்போனது. மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் உங்கள் மாவட்டத்தில் தொற்று பெருகியபோது, இங்கே கடலூர் என்று சொன்னாலே இரண்டடி தள்ளி நின்றார்கள். தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் ரேஷன் அரிசியும் வந்தன. உணவகத் தொழிலாளிக்குச் சம்பளத்தில் விழுக்காடு கணக்கிட்டுத் தர, அவர் பெயரில் சம்பளச் சீட்டு என்று ஒன்று இருக்கவேண்டுமே. அனுமதித்த நேரம் கடந்து கடையைத் திறந்துவைத்தார்கள் என்று சாத்தான்குளத்தில் பிடித்துச்செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் உரத்த கோபம் எழுந்தது. மற்றபடி நம் அவநம்பிக்கை வாய் திறக்காது. தெரிந்த ஆளைத் தேடிப் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்ம ஊரில் இப்படியெல்லாம் கட்டாயப்படுத்தவில்லை என்று மேசையில் சொல்லிவிடாதீர்கள். 2021 டிசம்பரில் புதுச்சேரி சுகாதாரத்துறை 1973ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, எல்லோரும் ஊசி போட்டே ஆகவேண்டும், மறுத்தால் நடவடிக்கை என்று ஆணையிட்டது. மறு ஆண்டு மே 2ஆம் தேதி, யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றும், போடாதவர்கள்மீது அப்போதிருந்த தடைகள் அளவுக்கு ஏற்றவையல்ல என்றும், அரசின் ஊசிக் கொள்கையில் குறையில்லை என்றும் உச்சநீதிமன்றம் ஒரே தீர்ப்பில் கூறியது. உங்கள் கருத்தைக் கேட்டால் இதைச் சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கும். பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்.

பேசும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யார் ஊசி போட்டார், யார் போடவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். உடல்நலம் அங்கே சம்பளத்தைவிட அந்தரங்கமானது. இறந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எண்ணிக்கையை எடுக்காதீர்கள், மேசையில் யாராவது ஒருவர் முதியோர் இல்லத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்று தாயை வழியனுப்பியவராக இருக்கக்கூடும்.

உங்கள் ஒப்பந்தம் முழுநேரம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் முதலாளி ஒரு பகுதியைக் கையில் தருவதாகவும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த மாதச் சீட்டு வந்ததும் அதிலுள்ள மணிக்கணக்கை நீங்கள் வேலை செய்த மணிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால், தேதியும் வந்த நேரமும் போன நேரமும் ஒரு நோட்டில் அன்றன்றே எழுதத் தொடங்கிவிட்டு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.