பட்டாளத்தில் தாடி வைக்கலாமா? ஓய்வுபெற்ற வாரன்ட் ஆபீசர் பதில்கள்

விமானப்படை நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர் இவர். தாடி பற்றி அவரிடம் வந்த கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

பிரிட்டிஷ் இராணுவத்தில் தாடிக்கு அனுமதி கொடுத்துவிட்டார்களாமே, சார். நம் நாட்டில் என்ன நிலை? (கல்லூரி மாணவர், திருச்சி)

ஆமாம், 2024 மார்ச் கடைசியில் கொடுத்தார்கள். ஆனால் இஷ்டத்துக்கு வளர்க்க முடியாது. 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, 25.5-ஐத் தாண்டக்கூடாது. திட்டுத்திட்டாக முளைத்தால் மழித்துவிட வேண்டியதுதான். விஷ வாயு அபாயம் உள்ள பணிக்குப் போகும்போது எடுக்கச் சொன்னால் எடுத்தாக வேண்டும்.

நம் நாட்டில் படைக்குப் படை வழக்கம் வேறு. கடற்படையில் எந்த மதத்துக்காரரும் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கித் தாடி வைக்கலாம். தரைப்படையிலும் விமானப்படையிலும் சீக்கியர்களுக்கு உண்டு, மற்றவர்கள் தினமும் மழிக்க வேண்டும். மீசைக்குத் தடையில்லை.

சீக்கியருக்கு உண்டு, முஸ்லிமுக்கு இல்லை என்றால் அது பாரபட்சம் இல்லையா ஐயா? (மேலப்பாளையம் வாசகர்)

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். விமானப்படை விதி 425 சீக்கியர் என்று பெயர் சொல்லவில்லை. முடி வெட்டுவதையோ முகம் மழிப்பதையோ எந்த மதம் தடை செய்கிறதோ, அந்த மதத்தவர் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆகவே, உங்கள் மதம் மழிக்கவே கூடாது என்கிறதா, வைத்தால் நல்லது என்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தாடியை எடுக்க மறுத்ததற்காக 2008-இல் பணிநீக்கம் செய்யப்பட்ட ஒரு முஸ்லிம் வீரரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இஸ்லாம் மழிப்பதைத் தடை செய்கிறதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். பல விளக்கங்கள் உண்டு, தாடி வைப்பது விரும்பத்தக்கது என்பது அதில் ஒன்று என்று அவர் தரப்பு வழக்கறிஞர் சொன்னார். விதி கேட்பது தடையை. 2016 டிசம்பர் 15 அன்று, தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் இருந்த அமர்வு பணிநீக்கம் செல்லும் என்றது. படையினரின் அடிப்படை உரிமைகளுக்கு வரம்பு போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்புப் பிரிவு 33-ம் அந்த வாதத்தில் வந்தது.

சட்டப்படி தீர்ப்பு சரிதான். ஆனால் ஒருவரின் மத நூலைப் பிரித்து வைத்து, இது கட்டாயமா விருப்பமா என்று ஆபீசில் உட்கார்ந்து தீர்மானிக்கும் நிலைமையே எனக்குப் பிடிக்கவில்லை. கடற்படையில் அந்தத் தலைவலி கிடையாது. மதத்தைக் கேட்பதில்லை, சீராக வளர்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

தமிழ்நாடு போலீஸ் கதை வேறு. 1957-ஆம் ஆண்டு மதராஸ் போலீஸ் கெஜட் உத்தரவுப்படி முஸ்லிம் காவலர்கள் ஒழுங்காக வெட்டிய தாடி வைக்கலாம். 2024-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அதை எடுத்துச் சொல்லி, தாடி வைத்த ஒரு காவலருக்குக் கொடுத்த தண்டனையை ரத்து செய்தது.

தாடி இருந்தால் வாயு முகமூடி பொருந்தாது, அதனால்தான் தடை என்கிறார்களே? (பள்ளி ஆசிரியர், சேலம்)

பொருந்தாது என்பது உண்மை. முகமூடியின் ரப்பர் விளிம்பு கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் ஒட்டி உட்கார வேண்டும். பயிற்சியில் மாட்டியதும் காற்று வரும் வழியை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுக்கச் சொல்வார்கள். முகமூடி முகத்தோடு அப்பிக்கொண்டால் சரி. ஓரத்தில் ‘புஸ்’ என்று காற்று புகுந்தால், வார்களை இறுக்கி மறுபடி ஆரம்பத்திலிருந்து. நாலு நாள் தாடி கூட இந்தச் சோதனையைக் கெடுத்துவிடும்.

ஆனால் “அதனால்தான்” என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போர்முனையில் பெரிய அளவில் குளோரின் வாயு விட்டது 1915 ஏப்ரலில், பெல்ஜியத்து ஈப்ரில். பிரிட்டிஷ் இராணுவத்தில் மோவாயை மழிக்க வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. இன்னொரு வேடிக்கை, மேலுதட்டை மழிக்கக்கூடாது என்றும் அதே விதி சொன்னது. மீசை கட்டாயம்! 1916 அக்டோபரில்தான் அந்தக் கட்டாயம் போனது. ஆக, முதலில் வந்தது ‘எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும்’ என்ற எண்ணம். வாயு பிறகு வந்து சேர்ந்த காரணம்.

அப்படியானால் சீக்கிய வீரர்கள் முகமூடிக்கு என்ன செய்வார்கள்? (அதே ஆசிரியர்)

நல்ல கேள்வி. வடிகட்டிய காற்றை மின்விசிறி வைத்து உள்ளே தள்ளும் தலையுறை வகைகள் உண்டு, அவை முகத்தில் ஒட்ட வேண்டியதில்லை. விலை அதிகம், பேட்டரி வேறு வேண்டும். எல்லோருக்கும் கொடுப்பது நடக்கிற காரியமில்லை.

காஷ்மீரில் சிறப்புப் படைக்காரர்கள் தாடியோடு இருக்கிறார்களே அண்ணே? (ஆம்பூர் வாசகர்)

உள்ளூர் ஆளோடு ஆளாகக் கலந்து நடமாட வேண்டிய வேலை அது. பணி கேட்கிறது, வைக்கிறார்கள். யூனிட்டுக்குத் திரும்பி அணிவகுப்பில் நின்றால் பழைய விதிதான்.

என் வீட்டுக்காரர் தரைப்படையில் இருக்கிறார். தினமும் மழித்து முகமெல்லாம் கொப்புளம். என்ன செய்யலாம்? (வேலூர் வாசகி)

சுருட்டை முடிக்காரர்களுக்கு மழித்த முடி தோலுக்குள்ளேயே திரும்பிக் குத்தும், அது வியாதிதான். தானாகத் தாடி விட்டுவிட்டுப் பிறகு விளக்கம் சொன்னால் எடுபடாது. முதலில் யூனிட் மருத்துவ அதிகாரியைப் பார்த்து, அவர் எழுதித் தரும் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அம்மா. கேட்கிறவர் கேட்கத்தான் செய்வார்.

ஐயப்பனுக்கு மாலை போட்டால்? (விமானப்படை வீரர், பெயர் வேண்டாம் என்றார்)

விதி 425 விரதத் தாடியைப் பற்றிப் பேசவில்லை தம்பி. வருடாந்திர விடுப்பைக் கார்த்திகை, மார்கழியை ஒட்டி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் மழித்துக்கொண்டே விரதம் இருங்கள். பலர் அப்படித்தான் இருந்தார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், படையில் எல்லோரையும் தாடி வைக்க விடலாமா கூடாதா? (பெங்களூர் வாசகர்)

விடலாம். கடற்படை முறையை மற்ற இரண்டு படைக்கும் கொண்டுவந்தால் போதும். அனுமதி கேட்க வேண்டும், முழுத் தாடியாக இருக்க வேண்டும், அளவு எழுத்தில் இருக்க வேண்டும், வாயுப் பயிற்சிக்கு மழிக்க வேண்டும். கனடா 2018-இல் அனுமதித்தது, அங்கே ஒழுக்கம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். “இன்றைக்குத் தாடி, நாளைக்குக் கடுக்கனா?” என்பார்கள். அளவை எழுதி வைத்துவிட்டால் அந்தப் பயம் தேவையில்லை.

அடுத்த மாதம் அக்னிவீர் ஆள்சேர்ப்பு முகாம். டிரிம் பண்ணிய தாடியோடு போகலாமா சார்? (இராமநாதபுரம் வாசகர்)

வேண்டாம். சீக்கியர் தவிர மற்றவர்கள் முடி வெட்டி, மழித்துவிட்டுத்தான் வர வேண்டும். விண்ணப்பத்தில் ஒட்டும் போட்டோவும் தாடி இல்லாததாக இருக்கட்டும். முதல் நாள் சாயங்காலமே சலூனுக்குப் போய்விடுங்கள். விடிகாலை வரிசையில் நின்றுகொண்டு பிளேடு தேடாதீர்கள்.