முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளின் கல்வி உதவி இரட்டிப்பானது என்றால் என்ன?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் பல குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. ஹவில்தார் (சிப்பாய்க்குச் சில படி மேலே உள்ள பதவி) வரையிலான பதவியிலோ அதற்குச் சமமான பதவியிலோ ஓய்வு பெற்றவரின் பிள்ளைகளுக்கு, அதிகபட்சம் இருவருக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை மாதம் தலா 1,000 ரூபாய் கிடைத்து வந்தது. அதை 2,000 ஆக்க 2025 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் ஒப்புதல் தந்தார். இப்படி ஓய்வு பெற்று இறந்தவர்களின் மனைவியர் முதுகலை படித்தால் அவர்களுக்கும் உண்டு.

ஏன் இந்த உதவி? சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் 40 வயதை ஒட்டியே வீடு திரும்பிவிடுகிறார். மூத்தது ஒன்பதாம் வகுப்பு, இளையது நாலாம் வகுப்பு என்று இருக்கும் நேரம். ஸ்கூல் பீஸ், நோட்டு, டியூஷன், ஷேர் ஆட்டோ எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்போது சம்பளம் பென்ஷனாகச் சுருங்குகிறது. இரட்டிப்பானாலும் இன்றைய செலவுக்கு இது போதாது என்பதே என் கருத்து.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? டிசம்பர் 7 கொடிநாளுக்கு நாம் தரும் நன்கொடை சேரும் நிதியின் வட்டியிலிருந்து. தெருக் கோயிலுக்கு வசூலித்ததை பேங்கில் போட்டு, முதலைத் தொடாமல் வட்டியில் அன்னதானம் நடத்துவார்களே, அப்படி. வட்டி அளவாகத்தான் வரும்; பதவி வரம்பும் இரண்டு பிள்ளை வரம்பும் அதனால்தான் போலும்.

பென்ஷனோடு தானாக ஏறிவிடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். ஏறாது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதிலும் 2025 நவம்பர் 1 முதல் கொடுத்த விண்ணப்பங்களுக்குத்தான் புதிய தொகை.