மடிப்புக் கலையாத யூனிஃபார்ம்

கேள்வி: என் மகன் பத்தாவது முடித்து, தனியார் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. என் நாத்தனார் கணவர்தான் வேலை நிச்சயம் என்று சேர்த்துவிட்டார். தோட்டை அடகு வைத்து ஃபீஸ் கட்டினேன். இப்போது போக மாட்டேன் என்கிறான். சுத்தமான பிள்ளை, யூனிஃபார்ம் சாயங்காலம்கூட மடிப்புக் கலையாது. சோம்பேறி என்று அவன் அப்பா அடிக்கிறார். எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
- வாசகி, விழுப்புரம்

பதில்: அம்மா, அந்த யூனிஃபார்ம் வரியை நாலு தடவை படித்தேன். ஃபிட்டர் பையனுக்கு முதல் சில மாதம் ராவுவதும் அறுப்பதும்தான் பாடம். இரும்புப் பட்டையை வைஸ் என்கிற பிடிப்பானில் இறுக்கி, அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் ஒளி தெரிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும், நகக்கண்ணில் இரும்புத்தூள் ஏறும், சட்டையில் ஆயில் படும். பத்து மாதமாக அந்தச் சட்டையில் ஒரு கறை இல்லையென்றால் அவன் கையில் அரத்தையே கொடுக்கவில்லை. தினமும் துவைக்கிற உங்களுக்கா இது தெரியவில்லை? அதைக் கேட்காமல் பிள்ளையை அடிக்க விட்டீர்களே!

காய்கறிக்காரர் எடையில் குறைத்தால் வீட்டுக்கு வந்ததும் தெரிந்துவிடும். பயிற்சியில் குறைத்தால் இரண்டு வருடம் கழித்து கம்பெனி வாசலில்தான் தெரியும். அதற்குள் ஃபீஸ் கைமாறிவிடும். அதனால்தான் பேனருக்கும் பஸ்ஸுக்கும் கொட்டுகிற பணம் இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடுக்கு வருவதில்லை. ஒழுங்காக நடத்துகிற தனியார் ஐ.டி.ஐ.களும் இருக்கின்றன, அங்கே படிக்கிற பையன் அழுக்காகத்தான் வீட்டுக்கு வருவான்.

நாத்தனார் கணவருக்கு இதில் கமிஷன் உண்டா என்று நேராகவே கேளுங்கள். பிள்ளையின் பிழைப்பு என்று வந்தபிறகு உறவுக்காரரிடம் என்ன கூச்சம்? ஃபீஸ் கட்டியதோடு பெற்றவர் கடமை முடிந்தது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் அப்பா அடிக்கிற கையைக் கட்டிக்கொண்டு, ஒரு நாள் அந்தப் பட்டறையில் போய் நிற்கட்டும். எத்தனை வைஸ், எத்தனை பையன்கள் என்று எண்ணட்டும். ஃபிட்டர் பிரிவுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் (என்.சி.வி.டி. என்பார்கள்) இருக்கிறதா என்று காகிதத்தைக் காட்டச் சொல்லட்டும்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். ஆண்கள் 40 வயதுவரை சேரலாம், அதனால் ஒரு வருடம் போனதற்காகப் பயப்பட வேண்டாம். பட்டறையைக் காட்ட மறுத்தால் டி.சி.யையும் அசல் மதிப்பெண் பட்டியலையும் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். அடுத்த தவணை கட்டாதீர்கள்.