விலங்கு நடத்தை ஆய்வு: வாசகர்களின் ஐயங்களும் பதில்களும்

கேள்வி: நான் வீடு திரும்பும்போது என் நாய் தலையைத் தாழ்த்தி, வாலை இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றால், ஏதோ தவறு செய்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். இந்தக் குற்ற உணர்வை ஆய்வாளர்கள் ஏன் ஏற்பதில்லை?

பதில்: நீங்கள் கண்டதையும், கண்டதற்கு நீங்கள் தரும் விளக்கத்தையும் ஆய்வாளர்கள் தனித்தனியே வைத்துப் பார்க்கிறார்கள். தலை தாழ்வதும் வால் ஒடுங்குவதும் யார் பார்த்தாலும் குறித்துக்கொள்ளக்கூடிய நிகழ்வுகள். குற்ற உணர்வு என்பது அவற்றுக்கான விளக்கங்களுள் ஒன்று. உங்கள் முகத்தில் தெரியும் சினத்தைக் கண்டு நாய் பணிந்து போகிறது என்பதும் அதே அளவுக்குப் பொருந்தும். வீட்டில் தவறும் சினமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால், எத்தனை ஆண்டுகள் உடனிருந்து பார்த்தாலும் எந்த விளக்கம் சரி என்று பிரித்தறிய வழியில்லை.

அவற்றைப் பிரித்துக் காட்டியது அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. அதில் 14 நாய்கள் பங்கேற்றன. தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டுவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். அவர் இல்லாத வேளையில் அந்தத் தின்பண்டம் சில முறை நாய்க்குக் கிடைக்கும், சில முறை அகற்றப்பட்டுவிடும். ஆனால் நாய் கட்டளையை மீறியதா இல்லையா என்று உரிமையாளருக்குச் சொல்லப்பட்ட செய்தி எல்லா முறையும் உண்மையாக இருக்கவில்லை. முடிவில், நாம் குற்ற உணர்வு என்று அழைக்கும் தோற்றம் நாய் செய்த செயலைப் பொறுத்து மாறவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே மாறியது. எதையும் தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது மிகுதியாகத் தென்பட்டது.

நாய்களுக்குக் குற்ற உணர்வே கிடையாது என்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. அந்தத் தோற்றத்தை அதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதே முடிவு. எளிய உளச் செயல்முறையால் விளக்கக்கூடிய நடத்தைக்கு உயர்ந்த உளச் செயல்முறையைக் காரணமாகச் சொல்லக்கூடாது என்று லாயிட் மார்கன் 1894இல் வகுத்த நெறியை இங்கே நினைவுகூரலாம். விலங்குகளுக்கு மனமே இல்லை என்று சாதிக்க அந்த நெறியைப் பயன்படுத்துவோரும் உண்டு. அது பிழையான பயன்பாடு என்பது என் உறுதியான கருத்து. சான்று காட்டும் பொறுப்பு யாருடையது என்பதை மட்டுமே அது வரையறுக்கிறது.

கேள்வி: நேர்மையான ஒருவர் தம் கண்ணால் கண்டதை எழுதினால் அது போதாதா?

பதில்: போதாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்பவர் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொன்னது. 1904இல் அதை ஆராய்ந்த குழுவினர் இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்றே முடிவுக்கு வந்தனர். அது உண்மைதான், ஓஸ்டன் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அடுத்து ஆராய்ந்த ஆஸ்கார் ஃபுங்ஸ்ட், கேட்பவருக்கே விடை தெரியாதபடி கேள்விகளை அமைத்தபோது ஹான்ஸ் தவறத் தொடங்கியது. கேட்பவரைக் காணாதபடி கண்மறைப்பு இட்டபோதும் தவறியது. தட்டல்களின் எண்ணிக்கை சரியான விடையை எட்டும்போது, கேட்பவரின் தலையும் உடலும் அவரையும் அறியாமல் மிக நுண்ணிதாக அசைந்தன; குதிரை அந்த அசைவைக் கண்டு நிறுத்தியிருக்கிறது. நேர்மையும் கூர்மையும் நிறைந்த பார்வையாளரே தாம் அறியாமல் விடையை விலங்குக்கு ஊட்டிவிடலாம் என்பதால், எந்த விலங்கு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதை நடத்தையைக் குறிப்பெடுப்பவருக்குத் தெரிவிக்காமல் வைக்கிறோம்.

பதிவு செய்பவரின் எதிர்பார்ப்பும் இப்படியே புகுந்துவிடும். ராபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963இல் வெளியிட்ட ஆய்வில், வேறுபாடில்லாத எலிகளை மாணவர்களிடம் கொடுத்து, சிலருக்கு அவை கூர்மதி வழியில் வந்தவை என்றும், மற்றவர்களுக்கு மந்தமான வழியில் வந்தவை என்றும் சொன்னார்கள். கூர்மதி எலிகள் என்று நம்பியவர்களின் எலிகளே சிறப்பாகக் கற்றதாகப் பதிவாயிற்று.

கேள்வி: ஒரே குரங்கை 500 முறை பார்த்தால் 500 தரவுகள் கிடைத்துவிடும் அல்லவா?

பதில்: அந்தக் குரங்கைப் பற்றிக் கிடைக்கும். குரங்கினத்தைப் பற்றிச் சொல்வதற்கு உங்களிடம் இருப்பது ஒரே ஒரு விலங்குதான். சூழலியல் ஆய்வுகள் பலவற்றில் இந்தத் தவறு பரவியிருப்பதை ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் 1984இல் சுட்டிக்காட்டிய பிறகும், இன்றுவரை அது ஒழிந்தபாடில்லை.

கேள்வி: சோதனையில் எதையும் மாற்றாத ஒரு குழு எதற்கு?

பதில்: மாற்றியதன் விளைவை ஒப்பிட்டு அறிவதற்கு. அப்படிப்பட்ட ஒரு குழு போதாத இடங்களும் உண்டு. ஆப்பிரிக்கப் புல்வெளியில் வாழும் நீள்வால் விடோ பறவையில், ஆணின் வால் ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுடையது. பெண் பறவைகளின் விருப்பமே அந்த நீளத்துக்குக் காரணமா என்று அறிய மால்டே ஆண்டர்சன் கென்யாவில் ஆராய்ந்து, முடிவுகளை 1982இல் வெளியிட்டார். சில ஆண்களின் வாலை வெட்டிக் குறுக்கி, வெட்டிய இறகுகளை வேறு சில ஆண்களின் வாலில் ஒட்டி நீட்டினார். இத்துடன் நின்றிருந்தால், பிடித்தது, வெட்டியது, ஒட்டியது ஆகியவற்றின் விளைவையும் வால் நீளத்தின் விளைவையும் பிரிக்க முடியாமல் போயிருக்கும். ஆகவே மூன்றாவது குழுவின் வாலை வெட்டி, அதே வாலை அதே நீளத்தில் திரும்ப ஒட்டினார். நான்காவது குழுவின் வாலில் கைவைக்கவே இல்லை. வால் நீட்டப்பட்ட ஆண்களின் பரப்பில்தான் புதிய கூடுகள் மிகுதியாகத் தோன்றின. அந்த மூன்றாவது குழுவை மாணவர்கள் வீண் வேலை என்று எண்ணுவதுண்டு. எனக்கோ அந்த ஆய்வில் மிகவும் அழகானது அதுவே.

கேள்வி: விலங்குகளுக்கு அடையாள வளையம் இடுவது அவற்றைப் பாதிக்காதா?

பதில்: பாதிக்கலாம், எந்த அளவுக்கு என்று அளந்து பார்ப்பதும் ஆய்வின் கடமைதான். அரசப் பெங்குவின்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2011இல் வெளியான ஆய்வில், துடுப்புச் சிறகில் உலோகப் பட்டை இடப்பட்டவை, பட்டையில்லாதவற்றைவிட 39 விழுக்காடு குறைவான குஞ்சுகளையே ஈன்றன. அவற்றின் உயிர்வாழ்வு வீதமும் 16 விழுக்காடு குறைந்திருந்தது. கடலும் தட்பவெப்பமும் பெங்குவின்களை எப்படிப் பாதிக்கின்றன என்று அறிவதற்கு அத்தகைய பட்டைகளையே நம்பியிருந்த ஆய்வுகள் உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். விலங்குக்கு இழைத்த துன்பம் தரவின் பிழையாகவும் திரும்பி வந்துவிடுகிறது. வரிக்குருவிகளிலோ, காலில் சிவப்பு வளையம் இட்ட ஆண்களைப் பெண் பறவைகள் மிகுதியாக விரும்பின என்று நான்சி பர்லி 1980களில் கண்டறிந்தார். அங்கே வளையத்தின் நிறமே முடிவை மாற்றக்கூடியதாக இருந்தது.

கேள்வி: நான் பள்ளி மாணவி. தீனி மேடைக்கு வரும் பறவைகளைப் பற்றி நாட்குறிப்பு எழுதுகிறேன். பெரிய பறவைதான் எப்போதும் மற்றவற்றை விரட்டுகிறது. இதை ஆராய்ச்சி என்று சொல்லலாமா?

பதில்: ஆகக்கூடியதுதான், இரண்டு மாற்றங்கள் செய்தால். கண்ணைக் கவர்ந்ததை மட்டும் எழுதும்போது சண்டை மிகுதியாகவும் அமைதி குறைவாகவும் பதிவாகும். இந்தக் குறையை ஜீன் ஆல்ட்மன் 1974இல் விரிவாக ஆராய்ந்து, குறித்த நேரம் முழுவதும் ஒரே விலங்கைப் பின்தொடர்ந்து பார்ப்பது, குறித்த இடைவெளிகளில் எல்லா விலங்குகளையும் ஒரு முறை பார்த்துக் குறிப்பது என்பன போன்ற முறைகளை ஒப்பிட்டு விளக்கினார். நீங்கள் இரண்டாவது முறையைப் பின்பற்றலாம். காலையில் அரை மணி நேரத்துக்கு, இரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை, மேடையில் உள்ள ஒவ்வொரு பறவையும் அக்கணத்தில் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். மேடை வெறுமையாக இருந்தால் அதையும் எழுதுங்கள். விரட்டல் சில நொடிகளில் முடிந்துவிடுவதால், அரை மணி நேரத்தில் நிகழும் ஒவ்வொரு விரட்டலையும் தனித் தாளில் குறித்து வாருங்கள். "விரட்டியது" என்ற சொல்லுக்கு நீங்கள் கொள்ளும் பொருள் என்ன, அதாவது ஒன்று நெருங்கியதும் மற்றது பறந்து விலகினால் போதுமா, கொத்தவும் வேண்டுமா என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாற்றம்: பெரிய பறவைதான் விரட்டுகிறது என்ற உங்கள் கருத்தைக் கைவிடுவதற்கு எத்தனை எதிர்நிகழ்வுகள் போதும் என்பதை, நாளைக் காலை மேடையைப் பார்க்கும் முன்பே நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதித் தேதியிட்டு வையுங்கள்.