பெயர் இல்லை, மச்சம் உட்பட எல்லா அடையாளமும் இருக்கிறது

கே: மத்திய அரசு ஆய்வகம் ஒன்று மைக்ரோஸ்கோப் வாங்க டெண்டர் விட்டிருக்கிறது. பிராண்டு பெயர் இல்லை. ஆனால் எடை 7.35 கிலோ, அடிப்பாகம் 198 மி.மீ. அகலம் என்று கேட்கிறார்கள். அது ஒரே ஒரு மாடல்தான். ஒதுங்கிவிடலாமா?

ப: ஒதுங்காதீர்கள். பெயரை விட்டுவிட்டு அங்க அடையாளத்தை எழுதுவது பழைய வித்தை. ஆய்வகத்துக்கு வேண்டியது உருப்பெருக்கமும் லென்ஸின் தரமும். எடை 7.35 ஆனால் என்ன, 8 ஆனால் என்ன? மத்திய அரசு அலுவலகங்களின் செலவுக்கும் கொள்முதலுக்குமான பொது நிதி விதிகள் 2017-இல் 144-ஆம் விதி, தேவையில்லாத அம்சங்களை ஸ்பெசிஃபிகேஷனில் சேர்க்கக் கூடாது என்கிறது. டெண்டர் நிபந்தனையைக் கேள்வி கேட்க வழி வைக்கச் சொல்கிறது 173-ஆம் விதி.

ப்ரீ-பிட் கூட்டம் (விலை கொடுக்கும் முன் சந்தேகம் கேட்கும் கூட்டம்) இருந்தால் அதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். "இது இன்னாருக்காக எழுதியது" என்று சண்டைக்குப் போக வேண்டாம். "இந்த அளவு எந்த வேலைக்குத் தேவை? கூடக்குறைய இருந்தால் ஏற்பீர்களா?" என்று கேட்டால் போதும். நான் கொள்முதல் பிரிவில் இருந்தபோது, இப்படி இரண்டு வரிக் கடிதம் கோப்பில் ஏறிய மறுவாரமே திருத்தம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு ஆடிட்டில் பதில் சொல்ல யாருக்கு ஆசை? விலைக் கவரைத் திறந்த பிறகு புலம்பினால் பலன் குறைவு.

கே: எங்கள் மத்தியக் கல்வி நிறுவனம் விட்ட டெண்டருக்கு ஒரே ஒரு விலைப்புள்ளிதான் வந்தது. ரத்து செய்தே ஆக வேண்டுமா?

ப: கட்டாயமில்லை. விளம்பரம் ஒழுங்காக வந்திருக்க வேண்டும், அவகாசம் போதுமானதாக இருக்க வேண்டும், தகுதி நிபந்தனை ஆளை விரட்டுவதாக இருக்கக் கூடாது, விலை நியாயமாக இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் ஒன்றே செல்லும். விளம்பர டெண்டருக்குப் பொதுவாகக் குறைந்தது 3 வாரம் தர வேண்டும். அந்த 3 வாரத்தைத் தீபாவளி, ஆயுதபூஜை விடுமுறைகளுக்குள் கொண்டுபோய் வைத்தவர்களும் உண்டு!

கே: எங்களிடம் பொருள் வாங்கும் அலுவலகத்தில், "வெவ்வேறு கடைகளின் மூன்று கொட்டேஷனையும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள்" என்கிறார்கள். ஊர் வழக்கம்தானே?

ப: வழக்கம்தான், குற்றமும்தான். மூன்று லெட்டர்ஹெட், மூன்றிலும் 'டெலிவரி' என்ற சொல்லில் ஒரே எழுத்துப்பிழை, நானே பார்த்திருக்கிறேன். போட்டிச் சட்டம் 2002-இன் 3-ஆம் பிரிவு கூட்டுச் சேர்ந்து விலைப்புள்ளி கொடுப்பதைத் தடுக்கிறது. அபராதம் விற்றுமுதலில் 10 சதவீதம்வரை போகலாம், அதுவும் கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும். டம்மி கொட்டேஷன் கொடுத்து உதவிய நண்பரும் மாட்டுவார்.

கே: உத்யம் சான்று (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) இருக்கிறது. டெண்டரோடு கட்டும் இ.எம்.டி. என்ற முன்வைப்புத் தொகையைக் கட்ட வேண்டுமா?

ப: அந்தப் பொருளை நீங்களே தயாரிக்கும் குறு, சிறு நிறுவனம் என்றால் மத்திய அரசு டெண்டரில் விலக்கு உண்டு. வாங்கி விற்பவர் என்றால் கட்டிவிடுங்கள்.