40,000 பவுண்டு வரிக்காகப் பிரிட்டன் துணைப் பிரதமர் ஏஞ்சலா ரேனர் பதவி விலகியது சரியா? மக்கள் ஏன் இதை இவ்வளவு கொண்டாடினார்கள்?

விலகியது சரி. கொண்டாடியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவசரமாகப் படிப்பவர்கள் இத்தோடு போய்விடலாம்.

மற்றவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை, அந்த அம்மாவுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். லண்டன் அரசியலைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்க வருகிறவர்களுக்கு: வரி விஷயத்தில் பதவியை விட்டவன் என்ற ஒரு தகுதி இருக்கிறது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

கேட்டிருப்பவர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் நடப்பு நிகழ்வுகள் புத்தகத்தில் இது இரண்டு வரியில் முடிந்திருக்கும். 2025 செப்டம்பர் 5, ஏஞ்சலா ரேனர், முத்திரை வரி, ராஜினாமா, அந்த இடத்துக்கு டேவிட் லாமி. உள்ளே இருக்கிற விஷயம் கொஞ்சம் சிக்கல். அவர் அந்த வருஷம் ஹோவ் என்கிற கடற்கரை ஊரில் 8 லட்சம் பவுண்டுக்கு ஒரு ஃபிளாட் வாங்கினார். இதுதான் எனக்கு இருக்கிற ஒரே வீடு என்ற கணக்கில் 30,000 பவுண்டு முத்திரை வரி கட்டினார். அந்த நாட்டில் இரண்டாவது வீடு என்றால் விலையில் இன்னொரு 5 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும், அது 40,000. ஆக 70,000 கட்டியிருக்க வேண்டும். அவருக்கு ஆஷ்டன் அண்டர் லைன் என்ற ஊரில் ஏற்கெனவே குடும்ப வீடு இருந்தது. அதில் தன் பங்கை, உடல்நலப் பாதிப்போடு பிறந்த மகனுக்காக ஏற்படுத்திய அறக்கட்டளைக்கு விற்றுவிட்டார். விற்றாயிற்று, நமக்கு வீடு இல்லை என்று நினைத்தார். சட்டமோ, பதினெட்டு வயது ஆகாத பிள்ளையின் அறக்கட்டளையில் இருக்கிற வீடும் பெற்றவர் வீட்டுக் கணக்கில்தான் வரும் என்கிறது.

விசாரித்தவர் லாரி மேக்னஸ் என்ற ஆலோசகர், அமைச்சர்களின் நடத்தையைப் பார்ப்பதற்கென்றே இருப்பவர். அவர் இந்த அம்மா நேர்மையாகத்தான் நடந்துகொண்டார் என்று எழுதிவிட்டு, கூடவே விதியை மீறினார் என்றும் எழுதினார். ஆலோசனை சொன்னவர்கள் இதற்கென்று இருக்கிற வரி நிபுணரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள், இவர் கேட்கவில்லை. இதில் வேடிக்கை, வீட்டு வசதித் துறையே அவர் கையில்தான் இருந்தது.

கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை என்று படித்த இடத்தில் நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், பாரதக் கூத்து வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, பதினெட்டு நாள், கடைசியில் படுகளம், தீமிதி. செலவு சும்மா இல்லை. கூத்து செட்டுக்குச் சம்பளம், சாப்பாடு, பந்தல், லைட்டு, மைக் செட், படுகளத்துக்குத் துரியோதனன் உருவத்தை மண்ணில் செய்து படுக்க வைக்கிறதற்குக் கூலி எல்லாம் ஊர் வரியில்தான் நடக்க வேண்டும். வரி தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று போடுவோம். ஒரு தலைக்கட்டை எங்கள் ஊரில் ஒரு புள்ளி என்பார்கள். கணவர் இல்லாத பெண்களுக்கு அரை வரி. ஊர்க்கவுண்டர், மந்திரிக்கவுண்டர், கோல்காரர் என்று பொறுப்புகள் உண்டு (ஆமாம், எங்களுக்கும் மந்திரி இருக்கிறார்). வசூலுக்கும் கணக்குக்கும் மட்டும் ஒரு ஆளை வருஷா வருஷம் பேசி வைப்பார்கள். எட்டு வருஷம் முன்னால் அந்த ஆள் நான். இதெல்லாம் பழைய காலத்து முறை, பெண்களைக் கணக்கிலேயே சேர்க்காத முறை என்று எழுத வருகிறீர்கள் என்று தெரியும். என் மகளே கேட்டுவிட்டாள், "அண்ணனுக்குக் கல்யாணம் ஆனா புள்ளி ஏறுது, எனக்கு ஆனா என்னப்பா ஆகும்?" பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சண்டையை வேறு கேள்வியில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த வருஷம் வரி 2,500. தக்காளி விலை அடி மட்டத்தில் கிடந்தது, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டவர்கள் உண்டு. பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் வண்டி வாடகையைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு வந்தவரிடம் நான் ரசீது புத்தகத்தை நீட்டியிருக்கிறேன். கறாராகத்தான் வசூல் செய்தேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. காப்பு கட்டுவதற்கு முந்தின நாள் மைக்கில் பாக்கிக்காரர்கள் பெயரை வரிசையாகப் படித்தேன். அப்படிப் படிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியதுதான். பதினோரு பெயர். அதில் ஒருவர் புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், பாக்கி 1,250.

என் விஷயம் இதுதான். அந்தத் தை மாசம் என் மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, மருமகளோடு அங்கேயே வாடகை வீட்டில் இருந்தான். புதுப் புள்ளி எப்போது ஏறும் என்பதில் எங்கள் ஊரில் இரண்டு பேச்சு உண்டு. தாலி கட்டிய அன்றே ஏறும் என்பது ஒன்று, அடுப்பு பிரிந்தால்தான் ஏறும் என்பது இன்னொன்று. எங்கள் ரேஷன் கார்டு பிரியவில்லை, பொங்கலுக்கு ஒரே அடுப்பில்தான் பொங்கினோம். அதனால் ஒரு புள்ளிதான் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சித்தப்பாவிடம் கேட்கவும் செய்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்குத் தெரிஞ்சி அடுப்பு பிரிஞ்சாத்தான்டா. எதுக்கும் ஊர்க்கவுண்டர ஒரு வார்த்த கேட்டுக்க." எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. ஊர்க்கவுண்டர் வீடு என் மில்லுக்கு எதிரில்தான்.

தீமிதி முடிந்து எட்டாம் நாள் கோயில் திண்ணையில் கணக்கு ஒப்படைத்தேன். வரவு, செலவு, மீதி 8,740 என்று படித்து, பணத்தை நோட்டின் மேலேயே வைத்தேன். யாரும் ஒரு குறை சொல்லவில்லை. ஒரு சின்னப் பையன், எனக்கு மாப்பிள்ளை முறை, கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிவிட்டு மெதுவாகக் கேட்டான்: "கணக்கெல்லாம் சுத்தமா இருக்கு மாமா. உங்க வூட்ல புள்ளி எத்தன?"

நான் அடுப்புக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வேறு மாதிரிக் கேட்டது. மந்திரிக்கவுண்டர் "தெரியாம பண்ணிட்டான், விடுங்கப்பா" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார், ஆனால் அந்த "தெரியாம" என்ற சொல்தான் எனக்குச் செருப்படி மாதிரி இருந்தது. ஏன் என்றால் பதினோரு பேரில் ஒருவரையாவது தெரியாமல் விட்டிருப்பாய், கஷ்டத்தில் விட்டிருப்பாய் என்று நான் விடவில்லையே. பீரோ சாவியையும் ரசீது புத்தகத்தையும் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்தேன். அன்று இரவே மில் பணத்திலிருந்து 2,500 கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய ஆள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, ரசீதும் போடவில்லை.

அப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி. என்னைத் திட்டியவர்கள் குறைவு, சிரித்தவர்கள்தான் அதிகம். ஒரு வாரத்தில் எனக்குப் பெயர் "ரெண்டுபுள்ளி" ஆகிவிட்டது. மில்லுக்கு ராகி கொண்டுவருகிற பையன்கள் "ரெண்டுபுள்ளி மில்லு" என்று வழி சொல்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர், "ஒரு புள்ளியா எழுதவா, ரெண்டா எழுதவா" என்று கேட்டார், பந்தலே சிரித்தது, நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. ஹோவில் அந்த அம்மா வீட்டுப் பக்கம் சுவரில் வரி ஏய்ப்பவர் என்று பெயின்ட்டில் கிறுக்கினார்கள். என் சுவரில் யாரும் எழுதவில்லை, அந்த மட்டும் எங்கள் ஊர் மரியாதையான ஊர்.

யார் சிரித்தார்கள் என்று நான் கவனித்து வைத்திருக்கிறேன், இது வன்மம் இல்லை, சும்மா கவனித்தேன். அதிகமாகச் சிரித்தவர் இரண்டு வருஷம் பாக்கி வைத்திருந்தவர். ரேனர் விலகிய சமயம் டீக்கடையில் போனைக் காட்டிக் காட்டிச் சிரித்தவரும் அப்படித்தான். மனை வாங்கி விற்கிறவர், பெயர் வேண்டாம். நம் ஊரில் பத்தாவது மனை வாங்கினாலும் முதல் மனைக்குக் கட்டுகிற அதே 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும்தான். பத்து லட்சத்துக்குள் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரலில் இருந்து கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாவது வீட்டுக்குத் தனி வரி என்ற பேச்சே கிடையாது. அந்த 9 சதவீதத்தையும் அரசு குறித்து வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் கட்டிவிட்டு, மீதிப் பணத்தைப் பையில் போட்டுக் கைமாற்றுகிறதைப் பார்க்காத ஆள் இங்கே உண்டா? அவர் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் சிரித்தார் என்றுதான் சொல்கிறேன்.

கருத்துப் பெட்டியில் லால் பகதூர் சாஸ்திரி வருவார் என்று தெரியும், 1956 அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்த கதை. நல்ல கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் ரயிலை ஓட்டவில்லை. அடுத்தவர் தவறுக்கு விலகுகிறவருக்குச் சிலை வைக்கலாம். தன் தவறுக்கு விலகுகிறவருக்கு நாம் என்ன வைக்க வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. இன்னொரு பக்கம் எல்லா வரி விவகாரத்தையும் ஒரே கூடையில் போடுகிறார்கள். பிரான்சில் 2012ல் ஜெரோம் கயூசாக் என்ற பட்ஜெட் அமைச்சர், வரி ஏய்ப்பை ஒழிக்க வேண்டியவரே அவர்தான், வெளிநாட்டில் ரகசியக் கணக்கு வைத்துக்கொண்டு நாடாளுமன்றத்திலேயே இல்லை என்று சொன்னார். அப்புறம் 2013ல் விலகி, ஒத்துக்கொண்டு, பின்னால் தண்டனையும் பெற்றார். அதுவும் இதுவும் ஒன்றா? அது பொய். இது, எதிர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்காமல் விட்ட விஷயம். ரெண்டும் ஒன்றுதான் என்கிறவர்களோடு எனக்கு வாதம் இல்லை.

அப்படியென்றால் விலகியிருக்கவே வேண்டாமே என்பீர்கள். இல்லை, விலகத்தான் வேண்டும். எதிர்க்கட்சியில் இருந்தபோது ஆளும் கட்சிக்காரர்களின் வரி விவகாரங்களை விளாசித் தள்ளியவர் அவர். 2023 ஜனவரியில் அப்போது ஆண்ட கன்சர்வேடிவ் கட்சியின் நாதிம் ஜஹாவி என்பவர் வரித்துறையோடு அபராதம் கட்டித் தீர்த்துக்கொண்ட விஷயம் வெளியே வந்து பதவி பறிபோனபோது, அவர் போக வேண்டும் என்று குதித்ததும் ரேனர் துணைத் தலைவராக இருந்த லேபர் கட்சிதான். மைக் பிடித்துப் பெயர் படித்தவன் தன் வீட்டுக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் எழுந்து போக வேண்டியதுதான். 40,000 பவுண்டு ஆனாலும் 2,500 ரூபாய் ஆனாலும் ஜனங்கள் தொகையைப் பார்ப்பதில்லை. பதினாறு வயதில் பிள்ளை வயிற்றோடு பள்ளிக்கூடத்தை விட்டு, முதியோரைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்து, தொழிற்சங்கத்தின் வழியாக மேலே வந்த பெண் என்பதால் கூடுதலாக அடித்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம், கீழிருந்து வந்தவர் வழுக்கினால் சத்தம் கொஞ்சம் அதிகம்தான் கேட்கும். அதற்காக வழுக்கவில்லை என்று ஆகிவிடாது.

எனக்கு உண்மையில் ஆறாதது வேறு. எனக்குப் பிறகு கணக்குக்கு வந்தவர்கள் கூத்தைப் பத்து நாளாக்கிவிட்டார்கள். மிச்சமான பணத்தில் கடைசி இரவு ஆர்கெஸ்ட்ரா. அர்ஜுனன் தபசு மரம் ஏறுகிறபோது கீழே நூறு பேர் இல்லை, ஆர்கெஸ்ட்ராவுக்கு வண்டி நிறுத்த இடம் இல்லை. கூத்து வாத்தியார் போன வருஷம் என் மில்லில் வந்து உட்கார்ந்து, "உங்க காலத்துல பதினெட்டு நாளும் சோறு சரியா வந்துச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். வரியைக் கறாராக வாங்கியதால்தானே வந்தது? இதைச் சொன்னால் "ரெண்டுபுள்ளி பேச வந்துட்டாரு" என்பார்கள். சரி, கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. சாவியைக் கொடுத்த மறுநாள் காலை பால் சொசைட்டிக்குப் போனேன். யார் முகத்தையும் பார்க்காமல் கேனைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அந்தப் பெண், 1,250 பாக்கிக்காரர். அளந்து ஊற்றி, அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்து நின்றார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"என் பேர மைக்ல படிச்சீங்களே அண்ணா," என்றார். "உங்க பேர யாரும் மைக்ல படிக்கல, பாத்தீங்களா."

கேன் மூடியைக் கையால் ஒரு தட்டு தட்டி அழுத்திவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். பின்னால் நின்றவர் "நகருங்க" என்ற பிறகுதான் நான் நகர்ந்தேன்.