வேட்டிக்குள் ஒரு பை

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வயது 66. கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பியும் மிளகும் மலைவாழையும் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் சளி பிடித்து, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தேன். விடியும்போது நீர் பிரியவில்லை. அடிவயிறு கல்லாகி, ஜீப்பில் வத்தலக்குண்டுக்கு இறக்கி, டியூப் போட்டுப் பை மாட்டினார்கள். புராஸ்டேட் வீக்கம் என்றார்கள். மாத்திரை கொடுத்து இரண்டு தடவை டியூபை எடுத்துப் பார்த்தும் பயனில்லை. நான்கு மாதங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரைகளை இப்போது நிறுத்த முடியாதாம். இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் அறுவை சிகிச்சை, அதுவரை பையோடு இருக்க வேண்டும் என்கிறார்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்கிறேன், வெட்கத்தைப் பொறுக்க முடியவில்லை. டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். பை சீக்கிரம் நிறையக் கூடாதென்று தண்ணீரைக் குறைத்துவிட்டேன். மருமகள் கண்ணில் படக்கூடாதென்று விடிகாலை 3 மணிக்கு எழுந்து தோட்டத்தில் கொட்டிவிட்டு வருகிறேன். பேருந்தில் போகும்போது பையை மடியில் வைத்துச் சால்வையால் மூடிக்கொள்கிறேன். அடுத்த மாதம் வத்தலக்குண்டில் என் பேத்திக்கு நிச்சயதார்த்தம். போவதா, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவதா? பூம்பாறை முருகனுக்கு ஒரு வேண்டுதலும் பாக்கி இருக்கிறது. இதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குள் போகலாமா? உங்களுக்கும் இந்தத் தொந்தரவு இருந்ததாக ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிச்சலில் கேட்கிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது நிச்சயதார்த்தமோ கோயிலோ அல்ல, அந்தச் சால்வைதான். பை எப்போதும் மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழேயே தொங்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாய்ந்து நிமிர்ந்து போனால், பையில் இறங்கி நேரம் கடந்துவிட்ட நீர் குழாய் வழியே திரும்ப உள்ளே போக வாய்ப்புண்டு. அதனுடன் கிருமியும் போகும். அடுத்த முறை டியூப் மாற்றப் போகும்போது காலில் கட்டிக்கொள்ளும் சிறிய பையைக் கேட்டு வாங்குங்கள். அது தொடையிலோ கெண்டைக்காலிலோ பட்டையால் கட்டப்படுவது, அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொள்ளும். குழாயைத் தொடையில் ஒரு பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டால் நடக்கும்போது இழுக்காது. மேலே வேட்டி இருக்கிறது. இந்த விஷயத்தில் பேன்ட் போடுகிற உலகத்தார் எல்லாரையும்விட நாம் பாக்கியவான்கள். இரவில் பெரிய பையைச் சிறிய பையின் அடிக்குழாயோடு இணைத்துக்கொள்ளலாம், டியூபைக் கழற்ற வேண்டியதில்லை.

அடுத்தது தண்ணீர். ‘ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது’ என்று பழமொழியே வைத்திருக்கிற நாம், அது உற்பத்தியாவதையே தடுக்கப் பார்ப்பது வேடிக்கைதான். நானும் அதைச் செய்தேன். மூன்றாம் நாள் பையில் இறங்கியது தேயிலை டிகாஷன் நிறத்தில் இருந்தது. நான் எதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தேனோ அந்த வாடை அப்போதுதான் வந்தது. நீர் கெட்டியானால் குழாயின் உள்சுவரில் உப்புப் படிந்து அடைக்கும், கிருமி தங்கும். வெளிறிய மஞ்சளாக இறங்கும் அளவுக்குக் குடிக்க வேண்டும். ஆனால் நீங்கள் இதய நோயாளி என்பதால் அந்த அளவு எத்தனை லிட்டர் என்பதை உங்கள் மருத்துவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள், என் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். மலச்சிக்கலும் ஆகாது. மலம் இறுகினால் அது பக்கத்திலிருக்கும் குழாயை நெருக்கும். முக்குவதும் கூடாது. தோட்டத்தில் மலைவாழை வைத்திருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சளி மாத்திரை போட்டதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்வதாகக் கடிதத்தின் தொனியிலிருந்து நினைக்கிறேன். மூத்திரப்பைக்கு அடியில், நீர் வெளியேறும் பாதையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்தப் புராஸ்டேட் சுரப்பி, அறுபதை நெருங்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பெருக்கத் தொடங்கியிருக்கும். பெரும்பாலோர் இரவில் இரண்டு தடவை கூடுதலாக எழுந்திருப்பதோடு காலத்தை ஓட்டிவிடுவார்கள். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் மருந்து, மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதைப் போலவே மூத்திரப்பையின் வாய்த் தசையையும் இறுக்கும். அந்த மாத்திரையிலேயே பெரும்பாலும் சேர்ந்திருக்கும் தும்மல் மருந்தோ, மூத்திரப்பை நீரைத் தள்ளும் வலுவைக் குறைக்கும். நம் மலைக் குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட அதிகமாக நீரைப் பிரிக்கும். மேலே வரத்துக் கூடி, கீழே மதகு இறுகிக்கொண்ட இரவு அது. இனி எந்தக் கடையில் சளி மாத்திரை கேட்டாலும் புராஸ்டேட் வீக்கம் இருப்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். விடிகாலை 3 மணிக்குத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் ஒரு மாதமாக அந்த வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை என்றா நம்புகிறீர்கள்? அது காட்டுமாடு காப்பிச் செடிகளுக்கிடையே நிற்கும் நேரம். இருட்டில் அதன் மேல் மோதிக்கொண்டால் புராஸ்டேட் மருத்துவரிடம் போகிற வேலையே இருக்காது. மகனையும் மருமகளையும் உட்கார வைத்து, “ஆபரேஷன் வரைக்கும் இந்தப் பை இருக்கும், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை குளியலறைக்குப் போவேன்” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு அந்தப் பேச்சு தேவையில்லை. பை பாதிக்கு மேல் நிறைந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அடிக்குழாயின் வாய் தரையிலோ பீங்கானிலோ படாமல் நேரே கழிப்பறையில் வடித்துவிட்டு, மீண்டும் கையைக் கழுவுங்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்கிற கட்சி அல்ல நான். கேட்பவர்களிடம் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறேன் என்றால் போதும், எங்கே என்பது அவர்களுக்கு எதற்கு?

ஆனாலும் சில சமயம் நாம் சொல்லாமலேயே தெரிந்துவிடும். எனக்கு 23 நாட்கள் டியூப் இருந்தது. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, பெருமாள்மலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இடது காலில் சூடாக ஏதோ ஓடியது. குனிந்தால் செருப்பைச் சுற்றி, சிமெண்டுத் தரையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அடிக்குழாயின் அடைப்பை நான் சரியாக மூடவில்லை. எழுந்தாலும் தெரியும், உட்கார்ந்தாலும் தெரியும். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வந்து ஒரு கோணிச் சாக்கை என் காலடியில் போட்டார், காலாலேயே அதைத் தேய்த்து நகர்த்தினார். பிறகு தணிந்த குரலில், “அடைப்பு கிளிக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தணும்ண்ணே, பாதி அழுத்தினா இப்படித்தான்” என்றார். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அப்பாவுக்கா, யாருக்குப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. அன்று அவர் டீக்குக் காசு வாங்கவில்லை என்பதில் மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1752இல், மூத்திரப்பைக் கல்லால் அவதிப்பட்ட தன் அண்ணனுக்காக, வளையக்கூடிய வெள்ளிக் குழாய் ஒன்றைத் தானே யோசித்து, தட்டானிடம் செய்யச் சொல்லி அனுப்பிவைத்தார். அண்ணன் தம்பிக்குள் அதை எழுதிக்கொள்ள அவர்களுக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. இப்போது உங்களுக்கு மாட்டியிருப்பது 1930களில் ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கிய வகை. உள்ளே போனதும் நுனியிலுள்ள சிறு பலூனில் ஏறத்தாழ 10 மில்லி நீரை ஏற்றிவிடுவார்கள், அதனால்தான் அது நழுவி வெளியே வருவதில்லை. அதனாலேயே, எவ்வளவு எரிச்சல் வந்தாலும் நீங்களாகப் பிடித்து இழுக்கவே கூடாது, உள்ளே கிழித்துவிடும். டியூப் இருக்கும்போதே நீர் முட்டுவது போலத் தோன்றுவதும் ஓரமாகச் சொட்டுவதும் மூத்திரப்பை அந்தப் பலூனை வெளியே தள்ளப் பார்ப்பதால் பலருக்கு வருவது. அதற்கு மாத்திரை உண்டு, கேளுங்கள். ஆனால் இரண்டு மூன்று மணி நேரமாகப் பையில் எதுவும் இறங்காமல் அடிவயிறு வலித்தால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், இரத்தம் கட்டி கட்டியாக வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். நடுக்கத்தை மலைக் குளிர் என்று நினைத்துக் கம்பளியைப் போர்த்திக்கொள்வது நம் ஊரில் எளிது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பூம்பாறைக்குத் தாராளமாகப் போங்கள். நான் போனேன். குழந்தை வேலப்பர் சன்னதியில் நிற்கிற அத்தனை பேர் வயிற்றுக்குள்ளும் அது இருக்கத்தான் செய்கிறது, உங்களுடையது இரண்டடி தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

நிச்சயதார்த்தத்துக்கும் போங்கள். தாத்தா வராததற்கான காரணத்தைச் சம்பந்தி வீட்டார் ஆளுக்கொன்றாகக் கற்பிப்பதைவிட, வேட்டிக்குள் ஒரு பை இருப்பது எவ்வளவோ மேல். மஞ்சள் பையில் மாற்று வேட்டி ஒன்று இருக்கட்டும். மண்டபத்தில் கழிப்பறை எங்கே என்று உங்கள் மகன் முன்கூட்டியே பார்த்து வைக்கட்டும், சம்மணம் போட்டு உட்காராமல் நாற்காலி கேளுங்கள். ஊத்து தாண்டி மலையடிவாரத்துக் காட்ரோடு வரும்வரை பேருந்தில் எழுந்திருக்க முடியாது, ஆகவே கிளம்பும் முன் வீட்டிலேயே பையை வடித்துவிட்டு, அடைப்பை இரண்டு தடவை அழுத்திப் பாருங்கள். நான் ஒரு தடவைதான் பார்த்தேன்.